மெட்டல் டிடெக்டர் வாங்கியாச்சு, வயலுக்கு எங்கே போவது? இங்கிலாந்தில் பழங்காசு தேடும் மூன்று வழிகள்

"அண்ணா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். "இறங்க வயல் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். இங்கிலாந்தில் சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று கிடையாது. பூங்கா என்றால் கவுன்சிலிடம் கேட்க வேண்டும், வயல் என்றால் சொந்தக்காரரிடம். கேட்காமல் இறங்கினால் அத்துமீறல். எடுத்துக்கொண்டு வந்தால் திருட்டு.

நிலத்துக்கு வழி மூன்று. ஒன்று, ஒரு விவசாயியிடம் நேரே போய் அனுமதி வாங்குவது. டிடெக்டர்காரர்கள் இதை 'பெர்மிஷன்' என்றே சொல்வார்கள், வயலுக்கே அதுதான் பெயர். இரண்டு, ஒரு சங்கத்தில் சேர்ந்து அவர்கள் பிடித்து வைத்திருக்கும் நிலத்துக்குப் போவது. மூன்று, நாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி இறங்கும் கட்டணத் தேடல். இது பெரிய அளவில் நடந்தால் 'ராலி'. மூன்றிலும் நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் பழமை. வயலில் காசு எப்படி வந்தது என்று யோசித்தால் இது புரியும். சந்தைக்குப் போன வழியில் விழுந்தது கொஞ்சம். பயந்து புதைத்துவிட்டுத் திரும்பி வராதவர்கள் விட்டுப்போனது கொஞ்சம். பெரும்பகுதி எருவோடு எருவாக வந்தது. ஊர்க்குப்பையும் தொழுவச் சாணமும் வண்டியில் வந்து வயலில் கொட்டியபோது, அதில் கிடந்த பித்தான், ஊசி, காசு எல்லாம் சேர்ந்தே விழுந்தன. ஆகவே பழைய ஊரை ஒட்டிய வயல், பழைய வழித்தடம், திருவிழாச் சந்தை கூடிய மேடு இவை முக்கியம். இருநூறு வருடம் முன்புவரை காடாக இருந்த நிலத்தில் எவ்வளவு விலையுள்ள மெஷினை ஆட்டினாலும் பயன் குறைவு.

அடுத்து செலவு. டிக்கெட் விலை மட்டுமல்ல, டீசல், பூட்ஸ், போன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சேர்த்துத்தான். அப்புறம், கிடைத்த காசு யாருடையது என்ற கேள்வி. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்பது இன்னொன்று. கடைசியாக, கிடைத்த இடத்தைச் சரியாகப் பதிவு செய்ய முடியுமா என்பது. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் கண்ணுக்கு இதுதான் பெரிசு.

## எந்த வழியில் போனாலும் மாறாத சட்டம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996 புதையல் சட்டம்தான் அடிப்படை. 300 வருடத்துக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்த காசு இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் அது புதையல். செம்பு, வெண்கலக் காசு என்றால் பத்து வேண்டும். 2023 ஜூலையிலிருந்து, 200 வருடத்துக்கு மேற்பட்ட மிகமிக முக்கியமான பொருள்களும் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. புதையல் என்று தெரிந்த 14 நாளுக்குள் கொரோனரிடம் தெரிவிக்க வேண்டும். கொரோனர் என்பவர் மரண விசாரணை அதிகாரிதான். சந்தேக மரணமும் புதையலும் இந்த நாட்டில் ஒரே மேசைக்கு வருகின்றன.

அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் சந்தை விலையை மதிப்பிட்டுக் கொடுப்பார்கள். கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி என்பது வழக்கம். தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனால் அது உங்களுடையதும் ஆகாது. சட்டப்படி அது நிலத்துக்காரருடையது. இது தெரியாமல்தான் பாதிச் சண்டை வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் எழுத்து அனுமதி இல்லாமல் டிடெக்டரைத் தூக்கினாலே குற்றம், 1979 சட்டம் அப்படிச் சொல்கிறது. பழைய இடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் வரைபடத்தில் அந்த இடங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு: அங்கே கிடைக்கிற பழம்பொருள் எல்லாம் அரசுடைமை.

சட்டத்தை ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஹெர்ஃபோர்ட்ஷயர் வழக்கு போதும். 2015ல் லெம்ஸ்டர் பக்கத்தில் இரண்டு பேருக்கு வைக்கிங் காலக் குவியல் ஒன்று கிடைத்தது. சுமார் 300 காசு இருந்திருக்கும் என்று கணிப்பு. சொல்லாமல் மறைத்து, ஆங்காங்கே விற்றார்கள். 2019ல் ஒருவருக்குப் பத்து வருடம், இன்னொருவருக்கு எட்டரை வருடம் சிறை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. முறையாகச் சொல்லியிருந்தால் பெரிய பங்கு சட்டப்படியே கைக்கு வந்திருக்கும்.

## முதல் வழி: சொந்தமாக ஒரு வயல்

எல்லாருக்கும் ஆசை இதில்தான். உங்களுக்கு மட்டும் ஒரு வயல், நினைத்தபோது போகலாம், பக்கத்தில் இன்னொருவர் டிடெக்டரின் கூச்சல் இல்லை.

வாங்குவதுதான் பாடு. நான் இருபதுக்கு மேல் கடிதம் போட்டேன். பதில் வந்தது மூன்று, அதில் இரண்டு "மன்னிக்கவும்". மூன்றாமவர் ஆட்டுப் பண்ணைக்காரர். போன் செய்து முதலில் கேட்டது ஒரே கேள்வி: "இன்சூரன்ஸ் இருக்கா?" இருந்தது. மெட்டல் டிடெக்டர்காரர்களின் தேசிய சங்கமான என்.சி.எம்.டி.யில் சேர்ந்தால் ஒரு கோடி பவுண்டு வரைக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு உறுப்பினர் கட்டணத்தோடு வந்துவிடும். அந்த அட்டை இல்லாமல் எந்த வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். அறுவடை நடக்கும் நாளில் தட்டாதீர்கள் என்பது தனி. நம் ஊரில் கதிரறுப்பு நேரத்தில் ஒருவர் வந்து "உங்க வயலில் குழி தோண்டலாமா" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். விவசாயி குத்தகைக்காரராக இருக்கலாம். அப்படியானால் நிலச் சொந்தக்காரரிடமும் தனியாகச் சம்மதம் வேண்டும். அரசின் சுற்றுச்சூழல் மானியத் திட்டத்தில் சேர்ந்த நிலமாக இருந்தால் சில பகுதிகளில் தோண்டத் தடை இருக்கும். உங்கள் குழியால் அவருடைய மானியம் போனால் அந்த உறவு அன்றோடு முடிந்தது. ஆடு குட்டி போடும் வசந்தத்தில் மேய்ச்சல் நிலத்துப் பக்கமே போக முடியாது. உழுது விதைத்த வயலில் பயிர் தலைகாட்டிவிட்டால் அடுத்த அறுவடை வரை பூட்டுத்தான். ஆக வருடத்தில் பாதி நாள் 'சொந்த' வயல் உங்களைப் பார்த்துக் கைகட்டி நிற்கும்.

அப்புறம், விவசாயி கேட்கிற உதவிகள். டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த ஆணி, வைக்கோல் கட்டும்போது தொலைந்த சாவி, இதையெல்லாம் தேடித் தர வேண்டும். அலுத்துக்கொள்ளாதீர்கள். 1992 நவம்பரில் சஃபக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயியின் சுத்தியல் தொலைந்தது. தேடித் தரப் போன எரிக் லாஸ் என்பவரின் டிடெக்டர் கத்தியது. தோண்டிப் பார்த்தால் ரோமானியக் காசுகள். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து எடுத்தார்கள்: 14,865 காசு, கூடவே நகை, வெள்ளிப் பாத்திரங்கள். அவர் அள்ளிக்கொண்டு போகாததால்தான் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

எனக்குக் கிடைத்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதல் பருவம் முழுக்க ஈயக்குண்டு, பித்தான், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை மூடி, 1797ம் வருட 'கார்ட்வீல்' பென்னி ஒன்று. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் அடித்த அந்தச் செப்புக்காசு ஒரு அவுன்ஸ் எடை, கையில் வைத்தால் கனக்கும். ஆனால் ராஜா முகம் வழுவழு என்று தேய்ந்துபோயிருந்தது.

இரண்டாவது அக்டோபரில், கீழ் வாயில் பக்கத்தில், ஒரு சின்ன சிக்னல். இரண்டு பக்கம் ஆட்டினாலும் அதே மெல்லிய உயர்ந்த சத்தம். புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கதவு மாதிரி மடித்தேன். குழிக்குள் எதுவும் இல்லை. குழிக்குள் விட்டுத் தேடும் சின்னக் கைக்கருவியான பின்பாயின்டரை மடித்த புல்கட்டியின் அடியில் வைத்தபோது அது நடுங்கியது. வேருக்கு நடுவே நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டேன். நீண்ட சிலுவை, நாலு மூலையிலும் மும்மூன்று புள்ளி, ஓரத்தில் 'சிவிடாஸ் லண்டன்', அதாவது லண்டன் நகரம். முதலாம் எட்வர்டின் வெள்ளி பென்னி. 1279க்குப் பிறகு அடித்தது. கையால் சுத்தியல் போட்டு அடித்த காசு என்பதால் வட்டம்கூடச் சரியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் கை உடனே துடைக்கத்தான் போகும். வேண்டாம். மண்துகள் வெள்ளியைக் கீறும். வீட்டுக்கு வந்து பூஜைச் சாமான் மாதிரி புளி போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். வெண்கலக் காசின் பச்சைப் பூச்சு போனால் எழுத்தும் சேர்ந்து போகும்.

பதிவு விஷயத்தில் இந்த வழியை மிஞ்ச எதுவும் இல்லை. ஒவ்வொரு காசுக்கும் ஜி.பி.எஸ். புள்ளி குறித்து, மாவட்டத்தின் எஃப்.எல்.ஓ.விடம், அதாவது கண்டெடுத்த பொருள்களைப் பதிவு செய்யும் அலுவலரிடம் காட்டினால் அவர் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவார். 1997ல் தொடங்கிய இந்தப் பதிவுத் திட்டத்தில் இப்போது 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. ஒரே வயலை மூன்று வருடம் பதிந்தால், எந்த மூலையில் எந்த நூற்றாண்டு நடமாட்டம் என்று வரைபடமே பேசத் தொடங்கும்.

யாருக்கு ஏற்றது: கிராமத்தை ஒட்டி வீடு உள்ளவர், பொறுமை உள்ளவர், பேச்சுக்கொடுக்கத் தெரிந்தவர். அடுக்குமாடியில் லண்டன் நடுவே இருந்துகொண்டு இதற்கு ஆசைப்பட்டால் வருடத்துக்கு நாலு நாள்தான் போவீர்கள்.

## இரண்டாவது வழி: சங்கம்

ஞாயிறு காலை எட்டரை மணி, ஒரு வயல் முகப்பில் இருபது முப்பது கார்கள், டிக்கியில் தேநீர் பிளாஸ்க். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நான் போன முதல் நாள் ஒரே பழுப்புத் தோல் நான்தான். முதல் ஒரு மணி நேரம் கூச்சமாக இருந்தது. ஒரு பெரியவர் என் மெஷினின் சத்தத்தைக் கேட்டுவிட்டு "அதிகமாக வேகமாக ஆட்டுகிறாய், பெருக்குவது மாதிரி ஆட்டு" என்று காட்டிக்கொடுத்தார். யூடியூபில் நாற்பது வீடியோ பார்த்து வராதது அந்த ஐந்து நிமிடத்தில் வந்தது.

செலவு குறைவு. எங்கள் சங்கத்தில் வருடச் சந்தா 20 பவுண்டு, இறங்குகிற நாளுக்கு 10 பவுண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் விவசாயிக்கோ அவர் சொல்லும் தர்மத்துக்கோ போகும். விதிமுறை, காப்பீடு, விவசாயியிடம் பேசுவது எல்லாம் அவர்கள் தலையில்.

குறை: நல்ல வயல்களைப் பலமுறை பலபேர் பெருக்கியிருப்பார்கள். மேலே கிடந்த பெரிய காசுகள் போயிருக்கும். மிச்சம் இருப்பவை சின்னவை, ஆழத்தில் உள்ளவை. 1279க்கு முன் சில்லறைக்காக ஒரு பென்னியைச் சிலுவைக்கோடு வழியாகவே இரண்டாக, நாலாக வெட்டிப் பயன்படுத்தினார்கள். அந்தக் கால் துண்டுகள் எல்லாம் அனுபவமில்லாத காதுக்குக் கேட்காது. காத்திருப்புப் பட்டியலும் பல சங்கங்களில் உண்டு. உள்ளூர் அரசியலும் உண்டு. எந்தச் சங்கத்தில்தான் இல்லை?

கூட்டமாகத் தேடினால் பெரிய காசுக் குவியல் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 2014 டிசம்பரில் பக்கிங்ஹாம்ஷயரின் லென்பரோவில் வீக்எண்ட் வாண்டரர்ஸ் சங்கம் ஏற்பாடு செய்த நாளில்தான், ஈயத் தகட்டுக்குள் சுற்றியபடி 5,200க்கும் மேற்பட்ட வெள்ளிப் பென்னிகள் வந்தன. எத்தல்ரெட், க்னூட் ராஜாக்களின் காலம், அதாவது நம் ராஜராஜனும் ராஜேந்திரனும் இருந்த அதே காலம். அந்தப் பகுதி எஃப்.எல்.ஓ. அன்று அங்கேயே இருந்ததால் தோண்டலை அவரே பார்த்துக்கொண்டார். ஒரே நாளில் எடுத்து முடித்தது அவசரம் என்று தொல்லியல் தரப்பில் குறையும் சொன்னார்கள். சங்கம் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேளுங்கள்: எஃப்.எல்.ஓ. உங்கள் கூட்டத்துக்கு வருவாரா? இல்லை என்றால் வேறு சங்கம் பாருங்கள்.

யாருக்கு ஏற்றது: புதிதாகத் தொடங்குகிற எல்லாருக்கும். காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

## மூன்றாவது வழி: கட்டண நாளும் ராலியும்

ஆகஸ்ட், செப்டம்பரில் கோதுமை அறுத்து அரிதாள் நிற்கும் வயல்களில் இவை அதிகம் நடக்கும். பெரிய ராலி என்றால் நூற்றுக்கணக்கான ஆட்கள், கூடாரம், பர்கர் வண்டி, டிடெக்டரின் அடியில் மாட்டும் 'காயில்' வட்டு விற்கும் கடை. கொண்டாட்டமாகத்தான் இருக்கும். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை.

ஆனால் காசுக்காகப் போனால் கணக்கு உதைக்கும். நான் 25 பவுண்டு கட்டி, ஒன்றரை மணி நேரம் ஓட்டிப்போன ஒரு நாளில், வயல் முழுக்கப் பச்சைக்கழிவு உரம். வீட்டுத் தோட்டக்கழிவைக் கவுன்சில்கள் சேகரித்து மக்கவைத்து வயலுக்குக் கொடுக்கிற உரம் இது. அதில் அரைபட்ட பீர் டப்பா, அலுமினியத் தாள், பேட்டரித் துண்டு எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் சிக்னல், ஒவ்வொன்றும் குப்பை. ஏற்பாட்டாளர் முன்பே சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. இப்போது நான் பணம் கட்டும் முன் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

இரண்டாவது கேள்வி, பங்கு விதி. குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் நிலத்துக்காரரோடு பாதி என்று சில இடங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். மூன்றாவது, பதிவு. நானூறு பேர் இரண்டு நாளில் எடுத்ததை ஒரு கூடாரத்தில் ஒன்றிரண்டு பேர் எப்படிப் பதிவார்கள்? பாதிக் காசு இடம் குறிக்கப்படாமல் கார்களில் ஏறிப் போய்விடும். அதற்குப் பிறகு அது வெறும் பழைய வெள்ளித் துண்டு.

யாருக்கு ஏற்றது: வேலையால் மாதக்கணக்கில் ஓய்வே கிடைக்காதவர், குழந்தைகளோடு ஒரு நாள் கழிக்க விரும்புபவர், புது மெஷின்களை நேரில் பார்க்க நினைப்பவர்.

| | சொந்த அனுமதி | சங்கம் | கட்டண நாள் / ராலி |
|---|---|---|---|
| கைப்பணம் | மிகக் குறைவு. காப்பீடு, கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் | சந்தாவும் நாள் கட்டணமும் | ஒவ்வொரு முறையும் டிக்கெட், டீசல் |
| கண்ணில் படாத செலவு | கடிதம், அலைச்சல், நன்றிக்கடன் | காத்திருப்பு, பலர் தேடிய வயல் | தெரியாத நிலம், பச்சைக்கழிவு |
| கற்பது | தனியாகத் தட்டுத்தடுமாறி | பக்கத்திலேயே ஆள் | அதிர்ஷ்டம் |
| பங்கு | நீங்கள் எழுதும் ஒப்பந்தம் | சங்கத்தின் விதி | ஏற்பாட்டாளர் விதி. படித்துப் பாருங்கள் |
| இடப்பதிவு | துல்லியம் | சங்கத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் மோசம் |

என் தீர்ப்பு: ஒரு வருடம் சங்கம். அந்த வருடத்தில் ஒழுங்காகக் குழி மூடக் கற்றுக்கொண்டு, கண்டெடுத்ததைப் பதிந்த அத்தாட்சியோடு விவசாயிகளைக் கேட்கத் தொடங்குங்கள். கடிதத்தோடு நாலு பதிவு எண்ணை இணைத்தால் உங்களை வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

## அந்த மெஷின் கேள்வி

சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்துக்கு நோக்டா சிம்ப்ளெக்ஸ் மாதிரி விலை குறைந்தது போதும். பல அலைவரிசையில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மைன்லேப் ஈக்வினாக்ஸ், எக்ஸ்.பி. டியூஸ் 2 போன்றவை சின்னக் காசுகளை நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை மூன்று நாலு மடங்கு. மிச்சமாகும் பணத்தில் நல்ல பின்பாயின்டர் வாங்குங்கள். 2009ல் ஸ்டாஃபர்ட்ஷயர் தங்கக் குவியலைக் கண்டுபிடித்த டெர்ரி ஹெர்பர்ட்டின் கையில் இருந்தது பதினாலு வருடப் பழைய மெஷின்.

## மெஷினை ஊருக்கு எடுத்துப் போகலாமா?

இது அடிக்கடி வரும் கேள்வி. கரூர் அமராவதி ஆற்றில் ரோமானியக் காசு கிடைப்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் கை அரிக்கும். போகாதீர்கள். இந்தியாவில் 1878 புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. இலங்கையில் இன்னும் கறார்: மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுடையது, அனுமதியில்லாமல் தோண்டுவதே குற்றம்.

## நாலாவது வழியும் இருக்கிறது

பழங்காசு ஒன்று கையில் இருந்தால் போதும், மழையில் நனைய ஆசையில்லை என்றால் மூன்றையும் விட்டுவிடுங்கள். ஊர் ஊராக நடக்கும் காசுக் கண்காட்சிகளில் தேய்ந்த ரோமானிய வெண்கலக் காசு சில பவுண்டுக்கே கிடைக்கும். சுமாரான முதலாம் எட்வர்ட் பென்னி என் இரண்டு பருவ டீசல் செலவைவிட மலிவு. வியாபாரி பிளாஸ்டிக் உறையில் போட்டு, ராஜா பெயரும் அச்சடித்த ஊரும் எழுதித் தருவார். எந்த வயலில் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் ஒருவர் மட்டும்தான் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "கென்ட் பக்கம் எங்கேயோ" என்றார்.